நிலுவையில் ஒரு ஞானத்தகப்பன்

மொராய்தா, மெக்சிகோ
பிப்ரவரி 4, 1997

தம்பி அன்செல்மோவுக்கு,

நானும் பெலெனும் சுகமாக இருக்கிறோம். அங்கே குளிரில் உன் கால் எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது. மற்றதெல்லாம் பிறகு.

உறுதியான செய்தி ஒன்று. இன்ஜினியர் எரிபெர்த்தோ ஓல்மெதோ ஓய்வு பெற விண்ணப்பித்திருக்கிறார். "யார் சொன்னது?" என்று எப்போதும் கேட்பாய். இந்த முறை யாரும் சொல்லவில்லை. அவருடைய மனுவில் 'பெறப்பட்டது' என்று முத்திரை குத்தியவள் நான்தான்.

நேற்றுக் காலை எங்கள் அலுவலகத்தில் மனு வாங்கும் ஜன்னலில் குனிந்தவர் என்னைப் பார்த்ததும் திகைத்துப்போனார்.

"அட, கொம்மாத்ரே! நீங்க இங்கயா இருக்கீங்க?"

"ஒரு வருஷமா இங்கதான், கொம்பாத்ரே. ஒரு காகிதம் என்னாச்சு, என்னாச்சுன்னு வந்து வந்து பெஞ்சைத் தேய்ச்சேன்ல, போதும்னு உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுட்டாங்க."

சிரித்தார். பெலெனின் ஞானஸ்நானத்திலிருந்து அவருக்கு நான் கொம்மாத்ரே, பிள்ளையின் தாய்; எனக்கு அவர் கொம்பாத்ரே, ஞானத்தகப்பன். அன்று அவள் தலையைத் தாங்கிய அதே கையை ஜன்னல் வழியாக நீட்டினார். நானும் பிடித்துக் குலுக்கினேன்.

பென்ஷன் வாங்க அவருக்கு எங்கள் கண்காணிப்பு அலுவலகத்தின் சான்று வேண்டும். அவர் மேல் எந்த ஊழல் புகாரும் நிலுவையில் இல்லை என்ற சான்று. "சின்னக் காகிதம்தானே, கொம்மாத்ரே. உங்க தம்பி ஏதோ கோவத்துல எழுதிப் போட்டது ஒண்ணு உள்ள கெடக்கும். ரெண்டு வருஷமா யாரும் தொடல. அதை மூடிட்டாப் போதும். நான் அவனைக் குத்தம் சொல்ல மாட்டேன். பாவம், குடிச்சிருந்தான்."

நிக்கானோரின் விதவையான என்னிடமே இதைச் சொல்கிறார். நான் தலையை ஆட்டினேன்.

உனக்கு நினைவிருக்கும், அந்தப் புகாரில் நானும் கையெழுத்துப் போடுகிறேன் என்றபோது நீதான் தடுத்தாய். மகளின் ஞானத்தகப்பன் மேல் தாய் புகார் கொடுத்தால் நம் ஊர் சான் லாசரோவில் யாரும் என் கையால் தண்ணீர் வாங்கிக் குடிக்க மாட்டார்கள் என்றாய். அதனால் நீ மட்டும் போட்டாய். அவரை ஞானத்தகப்பனாகக் கூப்பிட்டது நானும் நிக்கானோரும்தான். சுகாதாரத் துறையில் வண்டிகளுக்கெல்லாம் தலைவர். அவசரத்துக்கு ஆஸ்பத்திரியில் ஒரு கட்டில் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். கடைசியில், புது பிரேக் போட்டதாக அவர் காகிதத்தில் மட்டும் கையெழுத்துப் போட்ட ஆம்புலன்ஸில், நீ ஓட்ட, நிக்கானோர் போனார்.

இந்த அலுவலகத்தில் கொம்மாத்ரே என்றால் வீட்டு ஆள். என் மேல் அவருக்குத் துளியும் சந்தேகமில்லை.

"மூணு வாரம் ஆகும், கொம்பாத்ரே" என்றேன்.

வெந்நீரில் காலை வைத்துக்கொள். உள்ளே இரும்பு இருக்கிறது என்பதை மறக்காதே.

உன் அக்கா,
எர்லிந்தா

யாக்கிமா, வாஷிங்டன்
மார்ச் 1, 1997

அக்காவுக்கு,

பெலெனுக்கு என் முத்தம். கால் பரவாயில்லை. மழை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே உள்ளே இருக்கும் இரும்பு சொல்லிவிடுகிறது. முதலாளி இப்போது ரேடியோவை நம்புவதில்லை. என் காலைக் கேட்டுத்தான் ஆப்பிளுக்கு மருந்தடிக்கிறான்.

உன் கடிதத்தைத் தோட்டத்தில் நின்றே படித்தேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்து மரத்தில் கவாத்து செய்துகொண்டிருந்த மிச்சோவாக்கான் மாநிலத்துக்காரன், "என்னடா, ஊர்ல பொண்ணு பாத்துட்டாங்களா?" என்றான். "இல்லடா, தூண்டில்ல பெரிய மீன் மாட்டிருக்கு" என்றேன்.

பிரேக் மாற்றியதாகப் பில் கொடுத்த பட்டறையைத் தேடி நாம் போனோமே, நினைவிருக்கிறதா? அந்த முகவரியில் மக்காச்சோள அரைவை மில் இருந்தது. "பிரேக்கா? ஊற வெச்ச சோளம் இருக்கு, அரைச்சுத் தரவா?" என்று கேட்டாளே அந்த அம்மா. அதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, பிறகு சிரிப்பு நின்றுவிடுகிறது. அந்த வளைவில் பெடல் தரை வரை போனது. நான் வேகமாக ஓட்டுகிறேன் என்று மச்சான் நினைத்தார். பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டே, "மெதுவாப் போடா, நான் பொறுத்துக்கறேன்" என்றார். அவர் பேசியதில் கடைசி அதுதான்.

இன்ஜினியர் துடிக்கட்டும். எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் அக்கா, புகார் கொடுத்தவன் நேரில் வந்து 'நான் எழுதியது உண்மை' என்று உறுதி செய்தால்தான் விசாரணையே தொடங்கும் என்று சொல்லியிருந்தாய். அந்த அழைப்பு எப்போது வரும்? வந்த அன்றே கிளம்புகிறேன். என் மேல் வாரண்டு இருந்தால் இருக்கட்டும். போலீஸ் பிடிப்பதாக இருந்தாலும் உன் ஜன்னலைத் தாண்டியபிறகு பிடிக்கட்டும்.

பிரேக் மாற்றப்படவில்லை, ஓட்டுநர் குடித்திருக்கவில்லை என்று அரசாங்க முத்திரையோடு ஒரு வரி வேண்டும். அதைக் காட்டினால் நீதிபதி வாரண்டை எடுத்துவிடுவார் என்று அப்போதே வக்கீல் சொன்னார். மச்சானைப் புதைத்தபோது நான் காலில் கட்டோடு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். கட்டுப் பிரிப்பதற்குள் ஓடிவிட்டேன். ஊரில் எல்லோரும் குடிகாரன் ஓடிவிட்டான் என்றுதான் நினைக்கிறார்கள். அவர் குழியில் நான் ஒரு பிடி மண் போடவில்லை.

அழைப்புத் தேதியை மட்டும் எழுது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்செல்மோ

மொராய்தா
ஏப்ரல் 17, 1997

தம்பிக்கு,

ஈஸ்டர் நல்லபடியாகப் போயிற்று. பெலெனுக்குச் சளி, இப்போது தேவலை. நீ பூசைக்குப் போனாயா?

புதுச் செய்தி: ஓல்மெதோவின் நாற்காலியில் ஏப்ரல் முதல் தேதியிலிருந்து வேறொருவர் உட்கார்ந்துவிட்டார். ஆதாரம் சுகாதாரத் துறையின் சுற்றறிக்கை. என் மேசை வழியாகத்தான் போனது. ஆகவே அவருக்குச் சம்பளம் நின்றுவிட்டது. பென்ஷன் தொடங்கவில்லை. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

செவ்வாய்தோறும் வருகிறார். போன மாதம் நடந்ததைக் கேள்.

"கொம்மாத்ரே, இன்னைக்காவது?"

"பிறப்புச் சான்று பழசா இருக்கே, கொம்பாத்ரே. ஆறு மாசத்துக்குள்ள எடுத்ததா வேணுமாம்."

"நான் பொறந்து அறுபத்தோரு வருஷம் ஆச்சு. ஆறு மாசத்துல அது மாறவா போகுது?"

"நீங்க பொறந்தது மாறாது. முத்திரை பழசாயிடுதுல்ல."

வரிசையில் பின்னால் நின்ற கிழவர் ஒருவர், "முத்திரைக்குத்தான் வயசாகுது, நமக்கு இல்ல!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியரும் சேர்ந்து சிரிக்க வேண்டியதாயிற்று. பிறந்த ஊருக்கு மூன்று பஸ் மாறிப் போய்ப் புதுச் சான்று வாங்கி வந்தார். அடுத்து, போட்டோவில் கண்ணாடி போட்டிருக்கிறார் என்றேன். கண்ணாடி இல்லாமல் எடுத்து வந்தார். "இது நீங்கதானான்னு உள்ள கேக்கறாங்களே" என்றேன்.

புனித வாரத்தில் ஒரு வட்டு ஆட்டுப்பால் சீஸ் கொண்டுவந்து ஜன்னலில் வைத்தார். வாங்கிக்கொண்டேன். வெட்டி, காத்திருந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொரு துண்டு கொடுத்தேன். முன்பெல்லாம் இவர் அறை வாசலில் நான் மணிக்கணக்கில் நின்றிருக்கிறேன். உள்ளே இருந்துகொண்டே 'இல்லை' என்று சொல்லச் சொல்வார். இப்போது பெஞ்சில் ஓர் ஓரமாக உட்கார்ந்து, கதவு திறக்கும்போதெல்லாம் எழுந்து நிற்கிறார்.

மே மாதம் பெலெனுக்கு முதல் நற்கருணை. உடுப்பு எடுத்துத் தருவது ஞானத்தகப்பனின் கடமை என்று அவரே சொன்னார். கடையில் இருப்பதிலேயே விலை கூடியதைக் காட்டியிருக்கிறேன். கொடுக்கட்டும்.

உடம்பைக் கவனி.

எர்லிந்தா

யாக்கிமா
மே 11, 1997

அக்காவுக்கு,

நேற்று அன்னையர் தினம். இங்கே ஆண்கள் மட்டும் இருக்கும் வீட்டில் எல்லோரும் குடித்துவிட்டு அழுதார்கள். நான் குடிக்கவில்லை. விபத்து நடந்த நாள் முதல் தொடுவதில்லை. அதற்கு முன்பும் வண்டி எடுக்கும் நாளில் தொட்டதில்லை என்பது உனக்குத் தெரியும்.

கண்ணாடிக் கதையை இங்கே எல்லோருக்கும் சொன்னேன். மிச்சோவாக்கான்காரன், "உங்க அக்காவைக் கட்டிக்கறேன்டா" என்றான். "எங்க அக்காகிட்ட மனு குடுத்தா முடி நரைச்சப்புறம்தான் பதில் வரும், பரவாயில்லையா?" என்றேன்.

உன் கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழைப்பைப் பற்றி நான் கேட்டதற்குப் பின்பக்கத்திலும் பதில் இல்லை. மறந்துவிட்டாய் என்று நினைக்கிறேன். உன் மேலதிகாரி வக்கீல் சால்திவாரிடம் நேரடியாகக் கேட்டு எழுது.

நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

அன்செல்மோ

மொராய்தா
ஜூன் 28, 1997

தம்பிக்கு,

நாங்கள் நலம். மழை பிடித்துக்கொண்டது, கூரை ஒழுகுகிறது. வேறு குறை இல்லை.

சால்திவாரிடம் பேசினேன். அவர் வாயால் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ஆம்புலன்ஸ் ஃபைலா? அதுல என்னம்மா பெருசா வரப்போகுது? மிஞ்சிப்போனா ஒரு எச்சரிக்கைக் கடிதம். ஒரு வருஷம் பதவியில இருக்கக் கூடாதும்பாங்க. அவர்தான் பதவியை விட்டுப் போறவராச்சே!" சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்தார்.

அன்செல்மோ, ஓல்மெதோவுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கொடுத்து, பென்ஷனையும் கொடுத்து, வாசலில் பாட்டுக்காரர்களை வைத்து அனுப்பினால் உனக்குப் போதுமா? நன்றாக யோசித்து எழுது.

நற்கருணை உடுப்பு மிக அழகு. அதை வாங்க அவர் தன் கைக்கடிகாரத்தை விற்றார். மனைவி லெத்திசியா என்னிடம் சொல்லி அழுதார்.

எர்லிந்தா

யாக்கிமா
ஆகஸ்ட் 3, 1997

அக்காவுக்கு,

உன்னையும் பெலெனையும் கடவுள் காக்கட்டும். கூரைக்குத் தார்த்தாள் வாங்கு.

கேட்டாய், சொல்கிறேன். எனக்குப் போதும். அவருக்கு என்ன கொடுக்கிறார்கள் என்பது அவர்கள் பாடு. 'பிரேக் மாற்றப்படவில்லை' என்று எழுதினால் போதும். எச்சரிக்கைக் கடிதத்திலும் காரணம் எழுதித்தானே ஆக வேண்டும்? அந்தக் காரணம்தான் எனக்கு வேண்டும்.

இந்த முறையும் தேதி எழுதவில்லை.

அறுவடைக்கு நம் ஊர் பிரிமித்திவோ வருகிறானாம். அவன் கையில் மிளகாய்ப் பொடி கொடுத்து அனுப்பு.

அன்செல்மோ

யாக்கிமா
செப்டம்பர் 21, 1997

அக்காவுக்கு,

நீ நலமாக இருப்பாய். இருக்க வேண்டும், எனக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

உறுதியான செய்தி. சொன்னவன் பிரிமித்திவோ, தன் கண்ணால் பார்த்தது. நிலத் தகராறுக்காக மே மாதம் உங்கள் அலுவலகத்துக்கு வந்தானாம். அறிவிப்புப் பலகையில் என் பெயர் ஒட்டியிருந்ததாம். மே 26, திங்கட்கிழமை, புகாரை உறுதி செய்ய நேரில் வரவும் என்று. நான் வரவில்லை என்று பிறகு மறுபடி ஒட்டினார்களாம்.

வந்த அன்றே சமையலறையில் எல்லோர் முன்னாலும் கேட்டான். "ஏன்டா அன்செல்மோ, கூப்பிட்டாங்களே, ஏன் போகல? பயமா?"

"எனக்குத் தெரியாதுடா."

"தெரியாதா? அந்தப் பலகைக்கு நேர் எதிர்லதானடா உங்க அக்கா உக்காந்திருக்கா!"

யாரும் சிரிக்கவில்லை. மிச்சோவாக்கான்காரன் எழுந்து வெளியே போய்விட்டான்.

மிளகாய்ப் பொடி வந்து சேர்ந்தது. நீ என்ன செய்தாய் என்பதை எழுது.

அன்செல்மோ

மொராய்தா
அக்டோபர் 19, 1997

தம்பிக்கு,

பெலென் நலம். நானும்.

அழைப்பு ஏப்ரல் முதல் வாரமே வீட்டுக்கு வந்தது. வாங்கி, 'முகவரியில் இல்லை' என்று எழுதித் திருப்பினேன். பலகையில் ஒட்டியவளும் நான்தான். உனக்கு எழுதாமல் விட்டதும் தெரிந்தே செய்தது.

ஏன் என்று சொல்கிறேன். நீ வந்து உறுதி செய்தால் விசாரணை நடக்கும், எச்சரிக்கைக் கடிதம் கொடுப்பார்கள், ஃபைல் மூடும், பென்ஷன் ஓடும். நீ வரவே இல்லை என்று முடிவு செய்தாலும் ஃபைல் மூடும், பென்ஷன் ஓடும். அழைப்பு திரும்பி வந்து மறுபடி அனுப்பப்படும் வரையில்தான் அது மூடாது. ஒவ்வொரு முறை திரும்பும்போதும் புதிதாகக் கெடு. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. புகார் என்னாயிற்று என்று கேட்டு வந்த என்னை ஒரு வருடம் பெஞ்சில் உட்கார வைத்தவர்கள் இப்படித்தான் செய்தார்கள். உள்ளே வந்தபிறகு எப்படி என்று பார்த்தேன்.

சட்டம் அவரை ஒரு கடிதத்தால் தட்டப் போகிறது. நான் எட்டு மாதமாகத் தட்டிக்கொண்டிருக்கிறேன். வண்டியை விற்றுவிட்டார். பஸ்ஸில் வருகிறார். மேயர் தேர்தலுக்கு நிற்க ஆசைப்பட்டார். சான்று இல்லாததால் கட்சி வேறு ஆளை நிறுத்தியது. போன செவ்வாய்க்கிழமை ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "நான் என்ன பாவம் பண்ணேன், கொம்மாத்ரே? யாரு என்னை இப்பிடிப் படுத்தறா?" என்றார். "கடவுளுக்குத்தான் தெரியும், கொம்பாத்ரே. அடுத்த வாரம் வாங்க" என்றேன். அன்று இரவு நிக்கானோர் போனபிறகு முதல் தடவையாக நன்றாகத் தூங்கினேன்.

முந்தாநாள் ஜன்னலருகிலேயே விழுந்தார். நான்தான் தண்ணீர் தெளித்தேன். வெகு நாளாகச் சர்க்கரையாம், இப்போது சிறுநீரகமும் போய்விட்டதாம். இது லெத்திசியா சொன்னது.

உனக்குக் கோபம் இருக்கும். ஆனால் அன்று நிக்கானோரோடு நீயும் இருந்தாய். நீ புரிந்துகொள்வாய்.

எர்லிந்தா

யாக்கிமா
நவம்பர் 8, 1997

அக்காவுக்கு,

கல்லறைத் திருநாளுக்கு மச்சானுக்குப் பூவும் ரொட்டியும் வைத்திருப்பாய். என் பெயரிலும் வைத்தாயா? வைக்கும்போது அவரிடம் என்ன சொன்னாய்?

உன் கடிதத்தை இங்கே கோயிலில் இலவசமாக ஆலோசனை சொல்லும் வக்கீல் அம்மாவிடம் கொண்டுபோனேன். அவர் நம் ஊர்ச் சட்டம் படித்தவர். ஒரே கேள்விதான் கேட்டார். "அந்த இன்ஜினியருக்கு உடம்பு எப்படி?" சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "தம்பி, விசாரணை தொடங்கறதுக்கு முன்னாடி அவர் செத்துட்டா ஃபைல் அவரோட முடிஞ்சது. அப்புறம் யாரும் பிரேக்கைப் பத்தி ஒரு வரி எழுத மாட்டாங்க. உங்க மேல இருக்கற வாரண்டு மட்டும் சாகாது."

அக்கா, உனக்கு இது தெரியாதா? முத்திரை குத்தும் உனக்குத் தெரியாதா? தெரிந்தே செய்தாய் என்றால், அவரைக் கொல்ல என்னையும் சேர்த்துப் புதைக்கத் துணிந்திருக்கிறாய். அவர் பெரிய மனிதராகச் செத்துப்போவார். செனட்டர்கள் மாலை அனுப்புவார்கள். கொம்மாத்ரே என்பதால் நீ முதல் வரிசையில் கறுப்பு உடுத்தி நிற்பாய். நான் குடித்துவிட்டு மச்சானைக் கொன்றவனாக இங்கேயே ஆப்பிள் பறித்துச் சாவேன்.

நீ பழி வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. நானும் அவரை மன்னிக்கவில்லை. ஆனால் மச்சானை நான் கொல்லவில்லை என்று அந்த ஆள் உயிரோடு இருந்து காதால் கேட்க வேண்டும். எனக்கு அந்தப் பழி வேண்டும்.

அறுவடை முடிந்ததும் கிளம்புகிறேன். தெற்கே போகும்போது எல்லையில் யாரும் ஒன்றும் கேட்பதில்லை. திரும்பி வருவதுதான் முடியாது. திரும்பப் போவதில்லை. எர்மோசியோவில் சித்தி மகன் இஸ்திரிக் கடையில் தங்கியிருப்பேன். அங்கே தேதி எழுது. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

உன் உடல்நலத்துக்காக வேண்டுகிறேன். இப்போதும்.

அன்செல்மோ

மொராய்தா
டிசம்பர் 9, 1997

தம்பி அன்செல்மோவுக்கு,

இதை எர்மோசியோ பஸ் ஓட்டுநர் கையில் கொடுத்தனுப்புகிறேன். நாளைக்கே உன்னிடம் சேரும். வழிப்பயணத்தில் நெஞ்சில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்.

உறுதியான செய்தி: விசாரணை டிசம்பர் 15, திங்கட்கிழமை, காலை பதினொரு மணி. உத்தரவில் சால்திவார் கையெழுத்துப் போட்டார். முத்திரை நான் குத்தியது.

உன் கடிதம் வந்த அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மறுநாள் போய்ச் சால்திவார் முன்னால் நின்றேன். "முகவரியில இல்லன்னு திரும்பின புகார்தாரர் வர்றாருங்க" என்றேன்.

"இத்தனை நாளா எங்கம்மா இருந்தான்?"

"வழியிலதான் இருந்தான், வக்கீலய்யா. நான்தான் வழியை மறிச்சுட்டு நின்னேன்."

ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால், ஃபைலை அவர் தூங்கவிட்ட இரண்டு வருடத்தையும் யாராவது கேட்பார்கள். பேனாவை எடுத்தார்.

ஓல்மெதோ இப்போது ஆஸ்பத்திரியில். அழைப்பை அவர் கையிலேயே கொடுத்து வாசித்துக் காட்ட வேண்டும் என்பது விதி. அந்த வேலைக்கான ஆள் கிறிஸ்துமஸ் லீவில் போய்விட்டான். நான் போகிறேன் என்றேன்.

லெத்திசியா என்னைப் பார்த்ததும், "எரிபெர்த்தோ, கொம்மாத்ரே வந்திருக்காங்க! சான்று கொண்டுவந்திருக்காங்க பாருங்க!" என்று தலையணையை நிமிர்த்தி வைத்தார். அவர் சிரித்தார். நான் கட்டில் அருகே நின்று முதல் வரியிலிருந்து வாசித்தேன். பிரேக், பில், அரைவை மில், எல்லாம். இறந்தவர் பெயர் நிக்கானோர் என்று வந்தது. அதை இரண்டு முறை வாசித்தேன். காகிதத்தில் ஒரு முறைதான் இருக்கிறது.

"கொம்மாத்ரே..." என்றார். "இத்தனை நாளா... நீங்களா?"

"நான்தான், கொம்பாத்ரே. இங்க கையெழுத்துப் போடுங்க. பேனா பிடிக்க முடியலையா? பெருவிரல் வெச்சாப் போதும்."

வைத்தார்.

உன் வக்கீல் அம்மா சொன்னது சரி. எனக்கு அது தெரியும். தெரியாது என்று எழுத முடியவில்லை. விசாரணை ஒருமுறை தொடங்கிவிட்டால் அதன்பின் அவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த வரியை எழுதியே ஆக வேண்டும். தொடங்கும்போது அவர் உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். எழுந்து வர முடியாவிட்டால் சுருக்கெழுத்தாளரோடு கட்டிலருகே வந்து தொடங்குவதாகச் சால்திவார் ஒப்புக்கொண்டிருக்கிறார்.

ஆகவே நான் தினமும் போகிறேன். உப்புப் போடாமல் கோழி ரசம் வைத்து எடுத்துப் போகிறேன். முதல் நாள் வாயைத் திறக்க மறுத்தார். கண்ணை மூடிக்கொண்டார். காதருகே குனிந்து, "திங்கக்கிழமை வரைக்கும் சாப்பிட்டாகணும், கொம்பாத்ரே. என் தம்பி வர்றான்" என்றேன். திறந்தார். கரண்டி கரண்டியாக ஊட்டுகிறேன். மருந்து நேரத்தை நர்ஸுக்கு நான்தான் நினைவூட்டுகிறேன். லெத்திசியாவிடம் அவர் இன்னும் எதுவும் சொல்லவில்லை போலிருக்கிறது. என் கையைப் பிடித்து முத்தமிட்டு, "நீங்க புனிதவதி, கொம்மாத்ரே" என்கிறார்.

இன்னும் நிலுவையில் இருப்பவை. உன் முன்ஜாமீன்: வெள்ளிக்கிழமை மாலைக்குள் நீதிபதி கையெழுத்தாகும் என்று வக்கீலின் குமாஸ்தா சொன்னார். அதன் நகலோடு ஞாயிறு காலை நான் பஸ் நிலையத்தில் நிற்பேன். அதற்கு முன் வந்து இறங்காதே. ஓல்மெதோவின் இரத்தச் சுத்திகரிப்பு: சனிக்கிழமை. திங்கள் வரை தாங்குவாரா என்பதை அதற்குப் பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார் டாக்டர்.

நீ உன் உடம்பைப் பார்த்துக்கொள். அவர் உடம்பை நான் பார்த்துக்கொள்கிறேன்.

எர்லிந்தா